சாஸ் செஃப் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டரிங் படிப்பவர்கள், சமையலறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வேறு செக்‌ஷனிலிருந்து சாஸ் பக்கம் வர நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பிரெஞ்சு முறைப்படி பிரிவுகள் உள்ள சமையலறையை மனதில் வைத்துப் படியுங்கள்.

சாஸ் செஃப்னா நாள் முழுக்க சாஸ் மட்டும்தான் செய்வாரா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடைமுறையில் பேனில் வதக்கி எடுக்கும் இறைச்சி, மெதுவாக வேகும் ஸ்டூ, பிரேஸ், சில சூடான ஸ்டார்ட்டர்கள் எல்லாம் இவர் தலையில்தான். மீனுக்குத் தனி ஆள் இல்லாத இடங்களில் மீனும் சேர்ந்துகொள்ளும்.

காரணம் எளிது. இறைச்சி வறுபட்ட பேனின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தில்தான் பாதிச் சாஸ் இருக்கிறது. கொழுப்பை வடித்துவிட்டு, அதே பேனில் ஒயினோ ஸ்டாக்கோ (எலும்பை மெதுவாக வேகவைத்து வடித்த சாறு) ஊற்றிச் சுரண்டி எடுப்பதைத்தான் டீகிளேஸ் என்கிறோம். இறைச்சியை ஒருவரும் சாஸை இன்னொருவரும் செய்தால் அந்தப் பேன் கழுவப் போய்விடும்.

சமையலறையில் அவருக்கு என்ன இடம்? யாருக்குக் கீழே வருவார்?

இன்று நாம் பின்பற்றும் பிரிவு முறைக்கு வடிவம் கொடுத்தவர் ஒகுஸ்த் எஸ்காஃபியே (1846–1935). 1890-இல் லண்டன் சவாய் ஹோட்டல் சமையலறைப் பொறுப்பை ஏற்றவர். ஒரே உணவை ஒரே ஆள் தொடக்கம் முதல் கடைசிவரை செய்யாமல், ஆளுக்கொரு பிரிவைப் பொறுப்பேற்றுச் சேர்ந்து முடிப்பதுதான் இந்த முறையின் அடிப்படை.

மேலே தலைமை செஃப், அடுத்து ஸூ செஃப், அதற்கடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செஃப் தெ பார்ட்டி. சுருக்கமாக சி.டி.பி. சாஸ் செஃப்பும் ஒரு சி.டி.பி.தான். காகிதத்தில் எல்லா சி.டி.பி.யும் சமம். ஆனால் ஸூ செஃப் லீவு போட்டால் பெரும்பாலும் யாரைத் தேடுவார்கள் என்று பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

அஞ்சு தாய் சாஸ்னு படிச்சோம். நிஜமா அதையெல்லாம் இப்பவும் செய்றாங்களா?

மற்ற சாஸ்களுக்கு அடிப்படையாக இருப்பதால்தான் தாய் சாஸ் என்று பெயர். பெஷமேல், வெலூத்தே, எஸ்பன்யோல், தக்காளி, ஹாலண்டேஸ் ஆகிய ஐந்தில் பெஷமேலும் தக்காளியும் ஹாலண்டேஸும் இன்னும் அன்றாடம் புழங்குகின்றன. பழுப்பு ரூவில் (வெண்ணெயில் நிறம் மாற வறுத்த மாவில்) செய்யும் கனமான எஸ்பன்யோலைப் பல சமையலறைகள் கைவிட்டுவிட்டன. 1970-களில் மாவைக் குறைத்து இலகுவாகச் சமைக்கும் போக்கு பிரான்ஸில் வலுத்ததிலிருந்து, ஸ்டாக்கையே சுண்டவைத்து எடுக்கும் ‘ஜூ’தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? ஐந்தும் கெட்டிப்படுத்தும் வழிகளைக் கற்றுக்கொடுக்கின்றன. பாலில் மாவு, வெள்ளை ஸ்டாக்கில் மாவு, பழுப்பு ஸ்டாக்கில் மாவு, காய்கறிக் கூழ், முட்டையும் வெண்ணெயும். பெயர்களை மறந்துவிட்டாலும் இந்தப் பிரிவு நினைவில் இருந்தால், மெனுவில் எந்தச் சாஸ் வந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

ஸ்டாக்குக்கு ஏன் இவ்வளவு பில்டப்? எலும்பைப் போட்டுக் கொதிக்க விட்டா போதாதா?

கொதிக்க விட்டால் கெட்டது. எலும்பைக் குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றும்போது புரதங்கள் திரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். பாத்திரம் தளதளவென்று கொதித்தால் அந்த நுரையும் கொழுப்பும் உடைந்து நீரோடு கலந்துவிடும். கலங்கிய, பிசுபிசுப்பான ஸ்டாக்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு எத்தனை மஸ்லின் துணியில் வடித்தாலும் தெளியாது. நீர் அசையக் கூடாது, ஓரத்தில் அவ்வப்போது ஒரு குமிழ் வந்து போக வேண்டும். அதுதான் அளவு.

நாம் எலும்பிலிருந்து எடுக்க நினைப்பது சுவையை மட்டுமல்ல. இணைப்புத் திசுக்களில் உள்ள கொலாஜன் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறுகிறது. சாஸ் உதட்டில் ஒட்டும் அந்தக் கனம் அதிலிருந்துதான் வருகிறது. இளம் கன்றின் மூட்டு எலும்புகளை இதற்காகத்தான் விரும்புகிறார்கள், அவற்றில் கொலாஜன் அதிகம். கன்று எலும்புக்கு 6 முதல் 8 மணி நேரம், கோழிக்கு 3 முதல் 5 மணி நேரம் ஆகும். மீன் எலும்புக்கு 20 முதல் 40 நிமிடம்தான், அதற்கு மேல் போனால் கசப்பு தட்டும்.

வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு. இந்தக் கலவையை கன்று ஸ்டாக்கில் தொடக்கத்திலேயே போடாமல் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் போடுங்கள். எட்டு மணி நேரம் வெந்த கேரட்டில் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நல்ல ஸ்டாக்கா என்று பார்க்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் ஓடக் கூடாது, ஜெல்லியாக ஆட வேண்டும். சாஸ் நன்றாக வரவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ரெசிபியை அல்ல, நேற்றைய ஸ்டாக்கைத்தான்.

ஸ்டாக்கில் ஏன் உப்பே போடக் கூடாது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 5 கிராம் உப்பு, சூப்புக்கு அது மிதமான அளவுதான். 10 லிட்டர் ஸ்டாக்கில் 50 கிராம். அதை 1 லிட்டராகச் சுண்டவைத்தால் நீர் போகும், உப்பு போகாது. லிட்டருக்கு 50 கிராம் ஆகிவிடும். கடல் நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். சாஸ் இறக்குவதற்குச் சற்று முன்பு உப்பு போடுங்கள்.

ரூ எவ்வளவு நேரம் வறுக்கணும்? கட்டி தட்டாம இருக்க என்ன வழி?

எடையில் சம அளவு மாவும் வெண்ணெயும். ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டிலும் 50 முதல் 60 கிராம் போட்டால் நடுத்தரப் பதத்தில் பெஷமேல் வரும். வெள்ளை ரூவுக்கு மாவு நிறம் மாறாமல் பச்சை வாசனை மட்டும் போக வேண்டும். பொன்னிறத்துக்கு இன்னும் கொஞ்சம். பழுப்பு ரூ என்றால் வறுத்த கடலை மணம் வரும்வரை பொறுமையாக, சிறு தீயில். ஒன்றை நினைவில் வையுங்கள்: நிறம் ஏற ஏற மாவுச்சத்து சிதைந்து, கெட்டிப்படுத்தும் திறன் குறையும். பழுப்பு ரூ கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான்.

கட்டி தட்டாமல் இருக்க, ஒன்று சூடாக இருந்தால் மற்றது ஆறியிருக்க வேண்டும். சூடான ரூவில் குளிர்ந்த பால், அல்லது ஆறிய ரூவில் சூடான ஸ்டாக். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விஸ்க்கால் அடியுங்கள். கெட்டியாகிவிட்டது என்று உடனே இறக்கிவிடாதீர்கள். மாவு வாசனை போக இன்னும் 20 நிமிடமாவது சிறு கொதியில் இருக்க வேண்டும். மெல்லிய ஏடு படியாமலிருக்க மேலே ஒரு துண்டு வெண்ணெயைத் தடவி விடுங்கள், அல்லது பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிச் சாஸின் மேல் ஒட்டினாற்போல் போட்டு வையுங்கள்.

சாஸ் பதத்துக்கு வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கரண்டியை முக்கி எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சாஸ் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். விரலால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோட்டின் மேல்விளிம்பு கீழே வழிந்து கோட்டை மூடினால் இன்னும் சுண்ட வேண்டும். அப்படியே நின்றால் சரி. சாஸ் இழுத்துக்கொண்டு பசை போலத் தடிப்பாக நின்றால் தாண்டிவிட்டது, கொஞ்சம் ஸ்டாக் விட்டு இளக்குங்கள்.

ஜூ போன்ற ஜெலட்டின் சாஸ்களுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். அவை பாத்திரத்தில் நீர்த்துத் தெரியும், தட்டில் ஆறும்போது இறுகும். ஒரு தேக்கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு அரை நிமிடம் பொறுங்கள். சாப்பிடுபவர் முன்னால் அது எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரியும்.

ஹாலண்டேஸ் திரிஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதானா?

எதனால் திரிந்தது என்பதைப் பொறுத்தது. வெண்ணெய் தனியாகப் பிரிந்து எண்ணெய் மிதக்கிறது, ஆனால் முட்டை வெந்துவிடவில்லை என்றால் காப்பாற்றலாம். வேறு பாத்திரத்தில் ஒரு புதிய மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரும் விட்டு அடித்து லேசாகச் சூடேற்றுங்கள். திரிந்த சாஸை அதில் நூல் போல ஊற்றிக்கொண்டே அடியுங்கள். திரும்பக் கூடிவிடும். இப்போதுதான் பிரியத் தொடங்குகிறது, பளபளப்பு மட்டும் அதிகமாகத் தெரிகிறது என்றால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டு அடித்தாலே போதும்.

மஞ்சள் கரு வெந்து துகள் துகளாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டியாகத் தொடங்கும், அதற்கு மேல் ஏற ஏற முட்டைப் பொடிமாஸ்தான். பாத்திரத்தின் அடியைக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறினால் உடனே நீராவியிலிருந்து இறக்குங்கள். ஒரு மஞ்சள் கருவுக்கு 60 முதல் 90 கிராம் வெண்ணெய் என்ற அளவில் நின்றால் பாதிப் பிரச்சினை வராது.

காலையிலேயே செஞ்சு வெச்சுட்டா சர்வீஸ்ல நிம்மதிதானே?

பெஷமேல், ஜூ என்றால் தாராளமாக. ஹாலண்டேஸ் என்றால் கூடாது. பாக்டீரியா பெருகாமலிருக்க அமெரிக்க விதிகள் சூடான உணவை 57 டிகிரிக்குக் குறையாமலும், பிரிட்டன் விதிகள் 63 டிகிரிக்குக் குறையாமலும் வைக்கச் சொல்கின்றன. ஹாலண்டேஸை அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால் திரிந்துவிடும். வெதுவெதுப்பாக வைத்தால் முட்டையில் சால்மொனெல்லா கிருமி பயம். ஆகவே சர்வீஸுக்குச் சற்று முன்பு சிறு அளவில் செய்து, பாத்திரத்தில் நேரம் எழுதி ஒட்டுங்கள். பல சமையலறைகளில் இரண்டு மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுவார்கள். முட்டை பாஸ்சரைஸ் செய்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

மீதமான சாஸையும் ஸ்டாக்கையும் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும்?

20 லிட்டர் சூடான ஸ்டாக்கை வாக்-இன் ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் இருக்கும் பால் பொருள்களும் சூடேறும். ஸ்டாக்கில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைப்பவை. மெதுவாக ஆறும் பெரிய பாத்திரம்தான் அவற்றுக்கு வசதி.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பின் கணக்கு: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஆழமில்லாத ட்ரேக்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரம்பிய சிங்க்கில் நிறுத்தி, கிளறிக்கொண்டே ஆற்றுங்கள். மறுநாள் சூடேற்றும்போது 74 டிகிரி வரை கொண்டுபோன பிறகுதான் பென்மரியில் வைக்க வேண்டும். பென்மரி ஏற்கெனவே சூடாக இருப்பதை அதே சூட்டில் வைத்திருக்கும் கருவி, அதிலேயே சூடேற்றப் பார்க்காதீர்கள்.

உப்பு கூடிப்போச்சு. உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமா?

இழுக்காது. கிழங்கு உறிஞ்சுவது உப்பு கலந்த சாஸை, உப்பை மட்டும் அல்ல. மிஞ்சும் சாஸ் அதே உப்போடுதான் இருக்கும். உப்பில்லாத ஸ்டாக் விட்டு அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. ஸ்டாக்கில் உப்பு போடாமல் வைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு லாபம். கொஞ்சம் க்ரீமோ வெண்ணெயோ சேர்த்தால் நாக்குக்கு உப்பு சற்றுக் குறைந்தாற்போல் தெரியும், அவ்வளவுதான்.

அடிப்பிடிச்ச சாஸை என்ன பண்றது?

சுரண்டாதீர்கள், கிளறாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். கருகல் வாசனை ஏறியிருந்தால் கொட்டுங்கள். எந்த மசாலாவும் அதை மறைக்காது.

ஒயின் ஊத்தினா ஆல்கஹால் முழுசா ஆவியாகிடும்தானே?

ஆகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, தீ மூட்டி ஃபிளாம்பே செய்த உணவில் 75 சதவீத ஆல்கஹால் மிச்சமிருக்கும். 15 நிமிடம் சிறு கொதியில் வைத்தால் 40 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். பேனின் அகலத்தையும் எவ்வளவு சுண்டியது என்பதையும் பொறுத்து இது மாறும். ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

மது அறவே கூடாது என்று விருந்தினர் சொன்னால் ‘அதெல்லாம் ஆவியாகிவிட்டது’ என்று பதில் சொல்லாதீர்கள். ஒயின் சேர்க்காத ஸ்டாக்கில் தனியாகச் செய்து, புளிப்புக்கு எலுமிச்சையோ புளிப்புத் திராட்சைச் சாறோ சேர்த்துக் கொடுங்கள்.

நான் மது தொடமாட்டேன், சில இறைச்சியும் சாப்பிடமாட்டேன். இந்த வேலை எனக்குச் சரிப்படுமா?

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ருசி பார்க்காமல் சாஸ் செய்ய முடியாது. ருசி பார்த்துத் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள், வாசனையையும் பதத்தையும் வைத்துக்கொண்டு உப்பைத் துணைக்கு இருப்பவரிடம் சரிபார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மெனுவில் பாதியை இன்னொருவர் நாக்கை நம்பிச் செய்வது நீண்ட நாள் ஓடாது.

சேரும் முன்பே மெனுவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் நிலையைத் தலைமை செஃப்பிடம் சொல்லுங்கள். உங்கள் கட்டுப்பாட்டுக்குப் பொருந்தும் சமையலறைகள் உண்டு. சேர்ந்த பிறகு சொல்வதுதான் சிக்கல்.

சாஸில் என்ன இருக்குன்னு சர்வீஸ் ஆட்கள் அடிக்கடி வந்து கேட்கிறாங்க. வேலை கெடுது.

கேட்கட்டும். ஒவ்வாமைப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடம் உங்கள் செக்‌ஷன்தான். ரூவில் கோதுமை, பளபளப்புக்காகக் கடைசியில் போட்ட வெண்ணெயில் பால், ஸ்டாக்கில் செலரி, ஒயினில் சல்ஃபைட், வினிகிரெட்டில் கடுகு, சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும், ஊர்ஸ்டர் சாஸில் பெரும்பாலும் மீனும். தட்டைப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 9, எள் 2023-இல்தான் சேர்ந்தது.

ஒவ்வொரு சாஸுக்கும் ஒரு அட்டை எழுதி, தட்டுகள் வெளியே போகும் பாஸ் மேடையருகே ஒட்டிவிடுங்கள், கேள்வி பாதியாகக் குறையும். வெண்ணெய் பிராண்டோ ஸ்டாக் பேஸோ (கடையில் வாங்கும் ஸ்டாக் கலவை) மாறினால் அட்டையும் அன்றே மாற வேண்டும். கோதுமை கூடாதவர்களுக்கு சோள மாவு உதவும், ஆனால் நீண்ட நேரம் கொதித்தால் இளகிவிடும். கெட்டிப்படுத்தும் பொடியான சாந்தன் கம் என்றால் சாஸின் எடையில் 0.1 முதல் 0.5 சதவீதம்தான், தாண்டினால் கொழகொழப்பாகிவிடும். எனக்கு சாந்தன் கம் மீது பெரிய பிரியமில்லை, ஆனால் அவசரத்துக்கு அதைவிட நம்பகமானது எதுவுமில்லை.

எத்தனை லிட்டர் செய்யணும்னு எப்படித் தெரியும்?

ஒரு தட்டுக்கு 30 முதல் 60 மில்லி வரை போகும். 80 பேர், தட்டுக்கு 45 மில்லி என்றால் 3.6 லிட்டர். பேனில் ஒட்டுவது, இரண்டாவது முறை கேட்பவர்கள் என்று சேர்த்து 4 லிட்டருக்குத் தயாராகுங்கள். அது பத்தில் ஒன்றாகச் சுண்டும் கிளேஸ் என்றால் 40 லிட்டர் ஸ்டாக் வேண்டும். சாஸின் அடக்கவிலை ஏன் இறைச்சியின் விலையை நெருங்குகிறது என்று முதலாளி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நாள் முழுக்க ருசி பார்த்தா நாக்கு மரத்துப் போகாதா?

போகும். அதனால்தான் மாலையில் சாஸ்கள் உப்பு கூடிக்கொண்டே போகின்றன. இடையிடையே வெறும் நீர் குடியுங்கள். சர்வீஸுக்கு முன் சூடான காபியால் நாக்கைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். முக்கியமான சாஸை அன்று அதைத் தொடாத ஒருவருக்கும் கொடுத்துப் பாருங்கள். பரிமாறும் சூட்டிலேயே ருசி பாருங்கள், சில்லென்று கொடுப்பதற்குக் கூடுதல் உப்பு தேவைப்படும். ஒவ்வொரு முறையும் புதிய ஸ்பூன். விரலை விடுவதும், நக்கிய ஸ்பூனைத் திரும்ப முக்குவதும் வேலையே போகும் குற்றம்.

ரெடிமேட் டெமி கிளாஸ், ஸ்டாக் பவுடர் எல்லாம் ஏமாத்து வேலையா?

டெமி கிளாஸ் என்பது பழுப்பு ஸ்டாக்கைச் சுண்டவைத்து எடுக்கும் கெட்டிச் சாஸ். 500 பேர் பேங்க்வெட்டுக்கு பேஸ் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பவுடரில் உப்பு ஏற்கெனவே இருக்கும், அதைச் சுண்டவைக்கவே முடியாது. உப்புக் கணக்கு மேலே சொன்னதுதான். நல்ல இடம் என்று மெனுவில் ‘எங்கள் சமையலறையில் செய்தது’ என்று எழுதிவிட்டு பாக்கெட்டைப் பிரித்தால், அதற்கு நீங்கள் சொன்ன பெயர்தான்.

உடம்பு தாங்குமா?

முழங்காலும் இடுப்பும்தான் முதலில் கேட்கும். 40 லிட்டர் ஸ்டாக் பாத்திரம் 40 கிலோவுக்கு மேல். அதைத் தனியாகத் தூக்குவது வீரம் இல்லை. கீழே குழாய் உள்ள பாத்திரம் கேளுங்கள், இல்லையென்றால் கரண்டியால் மொண்டு மாற்றுங்கள். ரூவும் கெட்டிச் சாஸும் தோலில் ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் வெந்நீர் பட்ட காயத்தைவிட ஆழமாகும். உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

எவ்வளவு நாளில் இந்த செக்‌ஷன் கிடைக்கும்? ட்ரயலில் என்ன பார்ப்பார்கள்?

கமியாக (உதவி நிலை) சேர்ந்து, அடுத்த படியான டெமி செஃப் ஆகி, கார்ட மஞ்சே (குளிர் உணவுப் பிரிவு), காய்கறி, கிரில் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் இங்கே வருவார்கள். எத்தனை வருடம் என்பது சமையலறையின் அளவையும் யார் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. காத்திருக்கும் காலத்தில் ஸ்டாக் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை எதுவானாலும் கேட்டு வாங்குங்கள்.

ட்ரயலில் கடினமான சாஸைக் கேட்பார்கள் என்று பயந்து வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் பெஷமேலோ, ஹாலண்டேஸோ, ஒரு பேன் சாஸோதான். பேனில் இறைச்சியை எடுத்த பிறகு கொழுப்பை வடித்தீர்களா, ஒயினைப் போதுமான அளவு சுண்டவிட்டீர்களா, அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டீர்களா அல்லது கொதியில் போட்டுத் திரியவிட்டீர்களா என்று பார்ப்பார்கள். தக்காளிக்கும் ஒயினுக்கும் அலுமினியப் பாத்திரத்தை எடுக்கிறீர்களா என்றும் ஒரு கண் இருக்கும், எடுக்காதீர்கள், சாஸில் உலோகச் சுவை ஏறும். ஸ்பூன்களையும் துடைக்கும் துணியையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.